பெரிய கதவு யாருக்குத் திறந்தது

கோட்டைக்கு மறுபடியும் கதவு போட்டுவிட்டார்கள். ஊரெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு அழகு, அழகு என்கிறது. அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. என் மகன் கல் வைத்த வாசல் அது, அழகில்லாமல் எப்படி இருக்கும். ஆனால் அந்தக் கதவு திறந்த நாளில் நடந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். வாயால் சொன்னால் “ஆயாவுக்குக் கோவம் வந்துட்ச்சி” என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எழுதி வைத்தால் சிரித்தாலும் படித்துவிட்டுத்தான் சிரிக்க வேண்டும். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

ஆரணிக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்காக முதலில் வாசலைச் சொல்லிவிடுகிறேன். வெளியே அகழி. இப்போது அதில் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம். அகழியைத் தாண்டினால் வயிறு தள்ளிய மாதிரி இரண்டு கொத்தளம், நடுவில் ஒரு வளைவு. அதில் நுழைந்தால் உள்ளே போய்விட்டோம் என்று நினைக்கக் கூடாது. எதிரே சுவர் முட்டிக்கொண்டு நிற்கும். தலைக்கு மேல் வானம், நாலு பக்கமும் மதில், நடுவில் ஒரு சின்ன முற்றம். சண்டைக்கு வந்தவன் அந்த முற்றத்தில் மாட்டிக்கொள்வான், மேலே நிற்கிறவர்கள் சுற்றி நின்று அடிப்பார்கள். அங்கிருந்து சோற்றாங்கைப் பக்கம் திரும்பினால்தான் கதவு. யானை ஓடிவந்து முட்டிவிடக் கூடாது என்று கதவை அப்படித் திருப்பத்தில் வைத்திருக்கிறார்கள். ஓடிவர இடம் இருந்தால்தானே முட்டும். கதவைத் தாண்டினால் இருட்டுப் பாதை. இரண்டு பக்கமும் காவல்காரர்களுக்கான கல் மேடை. கூரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாகக் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்களாம். அப்புறம் பீச்சாங்கைப் பக்கம் இன்னொரு திருப்பம். அதைக் கடந்தால் வெளிச்சம், வீடுகள், கோயில்.

கதவு இரண்டு பலகை. ஒரு பலகையில் ஒரு சின்னக் கதவு வெட்டியிருக்கும். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். ஒரு ஆள் காலைத் தூக்கி வைத்து, தலையைக் குனிந்து நுழைகிற அளவுதான். ராத்திரி பெரிய கதவை மூடிய பிறகு வருகிறவனை அதன் வழியாக விடுவார்களாம். எவனாக இருந்தாலும் தலையைத்தான் முதலில் நீட்ட வேண்டும். எதிரியாக இருந்தால் உள்ளே நிற்கிறவனுக்கு வேலை சுலபம். இதைக் கோட்டை வேலைக்கு வந்த இன்ஜினியர் என் மகனுக்குச் சொன்னார், மகன் எனக்குச் சொன்னான். கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த திட்டிவாசல் வேறு.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பழைய கதவு இருந்தது. ஒரு பலகை பகலெல்லாம் திறந்து கிடக்கும். அதில் வண்டி போகும், மாடு போகும், பட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நெசவுக்காரர்கள் போவார்கள், நாய் போகும். இன்னொரு பலகை மூடியே இருக்கும். திட்டிவாசல் அந்தப் பலகையில்தான் இருந்தது. அகழிக்கு வெளியே இருக்கிற எங்கள் காலனிக்காரர்கள் அதில்தான் நுழைய வேண்டும். பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், யானை போகிற அகலத்துக்கு வழி திறந்து கிடக்கும். நாங்கள் குனிந்து ஓட்டையில் போவோம். அப்படிச் சட்டம் போட்டது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாளில் வாசலில் காவலுக்கு ஆள்கூடக் கிடையாது. வழக்கமே காவல் காத்தது.

என் அம்மா கோட்டைக்குள் மாடு வைத்திருந்த வீடுகளுக்குப் புல் கொண்டுபோவாள். தலையில் புல்லுக்கட்டு இருக்கிறவள் எப்படிக் குனிவாள்? கட்டைக் கீழே தள்ள வேண்டும். ஓட்டையில் திணிக்க வேண்டும். கட்டு ஓட்டையைவிடப் பெரியது, பாதிப் புல் உதிரும். பிறகு தானும் நுழைந்து, கட்டை மறுபடி தலைக்கு ஏற்ற வேண்டும். தலைச்சுமையை ஒண்டியாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும். போகிற வருகிறவர்கள் யாரும் கை கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஆள் யாராவது வருகிறவரை அந்த இருட்டில் நிற்பாள். பக்கத்தில் கல் மேடை இருக்கிறது, கட்டை அதில் வைத்து எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. மேடையைத் தொட்டால் யாராவது பார்த்துவிட்டுக் கத்துவார்கள். உதிர்ந்த புல்லைப் பொறுக்கிக்கொண்டு நான் பின்னால் நடப்பேன். மாட்டு வீட்டுக்காரம்மா கட்டைப் பார்த்ததும் கேட்பாள், “இன்னாடி, நேத்தைக்கு இன்னிக்கு கட்டு சின்னதாகீது?” நான் பொறுக்கி வந்த புல்லையும் அம்மா அதன்மேல் வைப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் மூடியிருந்த பலகை இற்றுப்போய் விழுந்தது. யாரும் அதை நிமிர்த்தவில்லை. மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. திட்டிவாசலின் மரச்சட்டத்தில் ஒரு துண்டு எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது. ஈர மரம், புகை கண்ணைக் கரித்தது. அந்த நெருப்பில் அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அதன் ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது. மரத்தை எடுத்தது யார் என்று யாராவது விசாரிக்க நினைத்தால், இதோ எழுதிக் கொடுத்துவிட்டேன், விசாரித்துக்கொள்ளட்டும்.

ஓட்டை போன பிறகு எங்களை எதில் நுழையச் சொல்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் முறைத்தார்கள். அப்புறம் முறைக்கிறவர்களுக்கே சலித்துவிட்டது. நான் வளர்ந்து சித்தாள் வேலைக்குப் போனேன். தலையில் கலவைச் சட்டி வைத்துச் சாரம் ஏறுகிறவளுக்குக் கழுத்து நேராகத்தான் நிற்கும், இல்லாவிட்டால் சட்டி கீழே நிற்கிறவன் தலையில் விழும். அந்தக் கழுத்தோடு நான் கோட்டை வாசலில் போய் வந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகிப் போனேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாளும் குனிந்ததில்லை. அம்மாவின் புல்லுக்கட்டைப் பற்றி மகனிடம் பேசினதும் இல்லை. அவன் ஆயா குனிந்து நின்றதை அவன் ஏன் மனசில் சுமக்க வேண்டும்.

அவன் கொத்தனார் ஆனான். கோட்டை வாசலைப் பழையபடி ஆக்குகிற வேலையை ஒரு கான்ட்ராக்டர் எடுத்தபோது, சுண்ணாம்பு வேலை தெரியும் என்று இவனைக் கூப்பிட்டார்கள். சிமெண்டு கூடாதாம். சுண்ணாம்பை ஊறப்போட்டு, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் வெல்ல வாசனை அடிக்கும். கொடியில் போட்டால் எறும்பு ஏறும். நான் சட்டையை உதறிக்கொண்டே திட்டுவேன், அவன் சிரிப்பான்.

ஒரு நாள் கேட்டான், “ம்மா, நீதான் பழைய கதவ பாத்துகீறயே. எப்டி இருந்திச்சி?”

“ஆணி இருந்திச்சி. யான முட்டாம இருக்க, கை நீளத்துக்கு.”

“வேற?”

“வேற இன்னா. கதவு மாதிரி இருந்திச்சி.”

நான் சொல்லாததை வேலை எடுத்தவர்கள் ஏதோ பழைய போட்டோவில் பார்த்துக்கொண்டார்கள். அது எனக்குத் தெரியாது.

வேலை முடிந்ததும் கோட்டைக்குள் பந்தல் போட்டு விழா வைத்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து, வேலை செய்தவர்களுக்குச் சால்வை போடுவார் என்றான் மகன். அவனுக்கும் உண்டு. “நீ முன்னால வந்து ஒக்காரணும்மா. நான் வாங்கறத நீ பாக்கணும்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் விடியலிலேயே போய்விட்டான். நான் அவன் வாங்கிக் கொடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன். ஆரணியில் பிறந்துவிட்டு மகன் சால்வை வாங்குகிற நாளில் நூல் புடவையா கட்டுவேன்?

வளைவில் நுழைந்து முற்றத்துக்கு வந்தேன். கதவு மூடியிருந்தது. கூட்டம் வரிசையில் நின்று திட்டிவாசலில் நுழைந்துகொண்டிருந்தது.

அதே உயரம். அதே பக்கம். புது மரம், எண்ணெய் பூசிப் பளபளவென்று. எவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறார்கள். வாட்ச்மேன் வேலைக்கு வந்திருந்த பையன் நல்லவன்தான், என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

“வா ஆயா. தல பத்திரம், நல்லா குனிஞ்சிக்கோ.”

“பெரிய கதவ தொற.”

“அத்த தொறக்கமாட்டாங்கோ ஆயா. இனிமே அல்லாருக்கும் இதான் வழி. பைக்கு ஆட்டோல்லாம் பூந்து கல்ல பேத்துடுதுன்னுட்டு.”

“நான் இன்னா ஆட்டோவா?”

வரிசையில் சிரித்தார்கள். நான் நகர்ந்து மதில் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எதிரி மாட்டிக்கொள்கிற இடம் என்று சொன்னேனே, அந்த முற்றத்தில்.

கோட்டைக்குள் தறி வைத்திருக்கிற நெசவுக்காரம்மா ஒருத்தி எனக்குப் பழக்கம். என் வயசுதான். அவள் மாமியார் என்னை “ஏய்” என்பாள், இவள் “அக்கா” என்பாள். அவ்வளவு தூரம் காலம் வந்திருக்கிறது. அவள் எனக்கு முன்னால் நுழைந்து போனவள், நான் வரவில்லை என்று திரும்பி வந்து ஓட்டையில் தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“இன்னாக்கா ஒக்காந்துகினே? முட்டி வலியோட நானே பூந்துட்டேன். வா, கைய புடிக்கறேன்.”

“நீ போம்மா.”

“இன்னா கோவம்? முன்ன மாதிரியா கீது? நாங்களுந்தான் குனியறோம். அல்லாரும் ஒரே ஓட்டைலதான் பூர்றோம். இதுல இன்னாகீது?”

“நீ இப்பதான் குனியற. எனக்கு அது தீந்துபோச்சி.”

அவள் முகம் ஓட்டையில் அப்படியே நின்றது. அவளுக்குத் தெரியும். கோட்டைக்குள்ளேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள், சின்ன வயசில் அவளும் பார்த்திருக்கிறாள், திறந்த வழியில் அவள் போக, பக்கத்து ஓட்டையில் நாங்கள் போனதை. என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் பின்னால் ஒருத்தன் குரல் கொடுத்தான். “யம்மோவ், தலய உள்ள இழு. வழிய அடச்சிகினு கத பேசறியே.” தலை உள்ளே போய்விட்டது.

செய்தி போய் என் மகன் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திட்டிவாசலில் குனிந்து வெளியே வந்தான். அவன் குனிந்து வந்ததைப் பார்த்தபிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“இன்னாம்மா, அல்லாரும் பாக்கறாங்கோ. முட்டி வலிக்குதா? தூக்கிகினு போவட்டா?”

“உங்க ஆயா புல்லுக்கட்ட தூக்கிகினு பூந்த ஓட்டடா இது. பக்கத்துல கதவு தொறந்தே கெடக்கும். நம்மள அதுல வுடமாட்டாங்க.”

அவன் என்னைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். திறந்த பக்கம் எது, மூடின பக்கம் எது என்று கையால் காட்டிக் கேட்டான். காட்டினேன். புல் உதிர்ந்ததையும், கட்டைத் தூக்க ஆளுக்குக் காத்து நின்றதையும், மேடையைத் தொடக் கூடாது என்றதையும் சொன்னேன். அந்த மேடைக்கு அவன்தான் சுண்ணாம்பு பூசியிருந்தான்.

“ஏம்மா சொல்லல? நான் கேட்டனே.”

“சொல்லியிருந்தா? வரஞ்சி குட்த்தத கட்ற ஆளு நீ. உன்ன கேட்டா வரஞ்சாங்கோ?”

அவன் மறுபடி குனிந்து உள்ளே போனான். கான்ட்ராக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அதிகாரி வந்து பார்க்கும்போது கதவு மூடியிருந்தால்தான் அந்தக் காலத்துக் கோட்டை மாதிரி இருக்குமாம். போட்டோவுக்கும் அதுதான் நல்லதாம். ஒரு கிழவிக்காகக் கதவுக்குக் குறுக்கே போட்ட தாழ் மரத்தை எடுக்க முடியாதாம். இந்தக் கடைசிப் பேச்சை மகன் சொல்லவில்லை, நானே அவன் முகத்தில் படித்துக்கொண்டேன்.

“நீ வரலன்னா நானும் சால்வ வாங்கல” என்று என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“எழுந்து போடா. கல்லு தூக்கனவன் நீ. போய் வாங்கிகினு வா.”

“நீ பாக்கறதுக்குத்தான வாங்கறேன்.”

எனக்குப் பேஜாராகிவிட்டது. என் கழுத்து நிமிர்ந்திருக்க இவன் சால்வை போக வேண்டுமா? குனிந்துவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஒரு நொடி வேலை. தாய் மகனுக்காகச் செய்யாததா. அப்படி நினைத்துக்கொண்டு எழப்போகிற நேரத்தில்தான் வெளியே ஹாரன் கேட்டது.

கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் திட்டிவாசலில் தலையை நீட்டிக் கத்தினான். “சார் வண்டி உள்ளயே வருது. கதவ தொற, ஜல்தி, ஜல்தி.”

வாட்ச்மேன் ஓடினான். உள்ளே மரம் இழுபடுகிற சத்தம். ஒரு பலகை முனகிக்கொண்டு திறந்தது. திட்டிவாசல் இல்லாத பலகை. எல்லாருக்கும் இதுதான் வழி என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொன்ன வாய், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. பைக் போகக் கூடாத இடத்தில் கார் போகும். எனக்காக எடுக்க முடியாத மரம் ஒரு ஹாரனுக்கு வந்துவிட்டது. நெசவுக்காரம்மா சொன்ன ‘அல்லாரும்’ அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டேன். கார் வளைவில் நுழைந்து முற்றத்துக்கு வந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துத் திணறித் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிப்பதற்குள் நான் கதவுக்கு நேராக, நடு வழியில் நின்றேன். நடந்தேன்.

“ஆயா, ஓரமா, ஓரமா போ” என்றான் வாட்ச்மேன்.

ஓரம் ஏது அங்கே. ஓரம் இல்லாமல்தானே கட்டியிருக்கிறார்கள். என் மகன் எழுந்து வந்தான். என்னை இழுத்து ஒதுக்கப்போகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நடந்தான், அவ்வளவுதான்.

ஹாரன் அடித்தார்கள். இருட்டுப் பாதையில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் முட்டி எல்லாருக்கும் காது அடைத்தது, அடித்தவனுக்கும் சேர்த்து. நான் கல் மேடைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றேன். கையை அதன்மேல் வைத்தேன். ஜில்லென்று இருந்தது. சுண்ணாம்பு வேலை நன்றாகத்தான் செய்திருக்கிறான். கொஞ்ச நேரம் வைத்தபடியே நின்றேன்.

கார்க் கதவு திறந்து அதிகாரி இறங்கி வந்தார். சின்ன வயசு. “என்ன பாட்டிம்மா, முடியலையா? வண்டியில ஏறிக்கறீங்களா?” என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

“நல்லாத்தான் கீறேன் சார். எறங்கிட்டீங்களே, அப்டியே நடந்து வாங்க.”

அவரும் நடந்து வந்தார். கூரையைப் பார்த்து, “இந்த ஓட்டை எதுக்கு?” என்று என் மகனைக் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன், “குனியாம வர்றவங்க தலைல எண்ண ஊத்தறதுக்கு.” அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருப்பம் தாண்டினதும் வெளிச்சம். கதவு திறந்து ஆள் தெரிந்ததும் வாசிக்க வேண்டும் என்று பேண்டுக்காரர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. முதலில் தெரிந்த ஆள் நான். வாசித்துவிட்டார்கள். கான்ட்ராக்டர் கையில் மாலையோடு என்னைப் பார்த்து நின்றதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். மகன் சால்வை வாங்கினான். பார்த்தேன்.

கார் போனதும் கதவை மறுபடி மூடினார்கள். மறுநாளிலிருந்து திட்டிவாசல்தான். இரண்டு நாள் நான் அகழிக்கு இந்தப் பக்கமே இருந்தேன். வீட்டில் யாரிடமும் பேசவில்லை. சால்வையை அலமாரியில் வைக்கச் சொல்லி மகன் கொடுத்தான், வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் சட்டையில் மறுபடி வெல்ல வாசனை. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “கதவு குடுமி நின்னு சொழல்ற கல்லு எறங்கிட்சிம்மா. காருக்கு தொறந்த பலகைக்கி. தொறந்து வுட்டுட்டேன், திரும்ப மூடனா மரம் பொளந்துடும்னு சொல்லிட்டேன். தொறந்துதான் கெடக்கணும்.”

“எவ்ளோ நாளைக்கி?”

“கல்ல எட்த்து திரும்ப வெக்கணும். அதுக்கு சுண்ணாம்பு ஊறணும்.”

அந்தக் கல்லை வைத்தவன் அவன்தான். அவன் வைத்த கல் எதுவும் இதுவரை இறங்கினதாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

என் கோபம் ஆறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். இறங்கின கல்லைச் சாக்குச் சொல்லி நான் நிமிர்ந்து போக வேண்டியிருக்கிறதே, அதுவும் ஒரு கோபம்தான். ஆனாலும் போகிறேன். கோட்டைக்குள் எனக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு தரம் போய் வருகிறேன். திறந்த பலகைக்குப் பக்கத்தில் மூடின பலகை, அதில் அந்த ஓட்டை, எல்லாம் அம்மா காலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது. இப்போது அதில் ஆடு போகிறது.

கல்லை எப்போது வைப்பாய் என்று கான்ட்ராக்டர் பார்க்கும்போதெல்லாம் என் மகனைக் கேட்கிறாராம். சுண்ணாம்பு இன்னும் ஊறிகினு கீது சார் என்கிறானாம் இவன். ஊறட்டும்.